பலவீனத்தின் பக்கம் சாயும் நாக்கு

"நாக்கை நீட்டுங்க" என்று டாக்டர் சொன்னால் வெள்ளை படிந்திருக்கிறதா, வெளுத்துக் கிடக்கிறதா என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொள்வோம். பொது மருத்துவர் பெரும்பாலும் அதைத்தான் பார்ப்பார். நரம்பியல் மருத்துவரும் அதே இரண்டு வார்த்தையைச் சொல்வார், ஆனால் அவர் கண் வேறு எங்கோ இருக்கும். நுனி எந்தத் திசையில் நிற்கிறது, இரண்டு பாதியும் ஒரே பருமனாக இருக்கின்றனவா, நடுக்கோடு நேராக ஓடுகிறதா, நீட்டிய நாக்கை இடமும் வலமும் ஆட்டச் சொன்னால் எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதையெல்லாம் நாலைந்து விநாடியில் பார்த்து முடித்துவிடுவார். கையில் ஒரு டார்ச் இருந்தால் போதும்.

நாக்கை அசைக்கும் கட்டளை பெருமூளையின் மேற்பரப்பில் கிளம்பி, முகுளத்தில் கைமாறி, மண்டையோட்டின் ஒரு துளை வழியே வெளியேறி, கழுத்துக்குள் வளைந்து வந்து நாக்கைச் சேர்கிறது. அந்தப் பாதையில் பழுது எங்கே என்பதை நாலைந்து விநாடியில் ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு முரண்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். முகத்தின் வலப்பக்க நரம்பு செயலிழந்தால் வாய் இடப்பக்கம் கோணிக்கொள்ளும். நல்ல பக்கத்துத் தசை தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நாக்கின் வலப்பக்க நரம்பு செயலிழந்தாலோ, நீட்டும்போது நாக்கு வலப்பக்கமே போகிறது. நல்ல பக்கத்தை விட்டுவிட்டுக் கெட்ட பக்கத்தை நோக்கிச் சாய்கிறது.

தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: சுருங்குவது. நேரடியாக எதையும் தள்ள அதற்குத் தெரியாது. நாக்கை வெளியே கொண்டுவரும் முக்கியத் தசையின் பெயர் ஜீனியோகிளாசஸ். கீழ்த்தாடையில், மோவாயின் உட்புறம் இருக்கும் சிறு எலும்பு முள்ளில் அது தொடங்கி, விசிறியாக விரிந்து, நுனிப்பக்கம் முதல் அடிநாக்கு வரை உள்ளே நுழைகிறது. அடிநாக்கில் போய்ச் சேர்ந்த இழைகள் சுருங்கும்போது அடிநாக்கு மோவாயை நோக்கி முன்னே வருகிறது. அடி முன்னே வந்துவிட்டால் நுனிக்கு வாய்க்குள் இடம் ஏது? வெளியே வந்தாக வேண்டும். இந்தத் தசை வலதும் இடதுமாக ஒரு ஜோடி. இரண்டும் சமமாகச் சுருங்கினால் நாக்கு நேரே நீளும். இரட்டை மாட்டு வண்டியில் வலத்து மாடு சோர்ந்தால் வண்டி வலப்பக்கம் திரும்புவது போலத்தான் இதுவும்: இடப்பாதி முன்னே போய்க்கொண்டே இருக்கிறது, வலப்பாதி பின்தங்குகிறது, மொத்தமும் வலப்பக்கம் வளைகிறது.

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இதை ஒரே வரியில் மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள்: நாக்கு தன் காயத்தையே நக்கும். தேர்வுக்கு நல்ல சூத்திரம்தான். ஆனால் காயம் நரம்பில் இருந்தால்தான் இது பலிக்கும். மூளையில் இருந்தால் நாக்கு காயத்துக்கு எதிர்ப்பக்கம் போகும். பாதிப் பாதையை மட்டும் சொல்லும் சூத்திரம் முழுப் பாதையையும் சொல்வதாக நம்பப்படுவது மருத்துவத்தில் அடிக்கடி நடக்கும் விபத்து. பிறகு அந்த மறுபாதிக்கு வருவோம்.

முதலில் நாக்கு என்கிற உறுப்பே எவ்வளவு விசித்திரமானது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கையை மடக்க முழங்கை என்ற மூட்டு இருக்கிறது, தசை பற்றிக்கொள்ள எலும்பு இருக்கிறது. நாக்குக்குள் எலும்பும் இல்லை, மூட்டும் இல்லை. பக்கத்துக்கு எட்டுத் தசைகள். அவற்றில் நான்கு தாடையிலோ, தொண்டை எலும்பிலோ, மண்டையோட்டிலோ, அண்ணத்திலோ தொடங்கி நாக்குக்குள் வருபவை. நாக்கை இடம் மாற்றுவது இவற்றின் வேலை. மற்ற நான்கும் நாக்குக்குள்ளேயே தொடங்கி நாக்குக்குள்ளேயே முடிபவை. நீளவாக்கில் மேலே ஒன்று, கீழே ஒன்று, குறுக்கே ஒன்று, செங்குத்தாக ஒன்று. நாக்கின் வடிவத்தை மாற்றுவது இவை.

வில்லியம் கியர், கேத்லீன் ஸ்மித் என்ற இரண்டு விலங்கியலாளர்கள் 1985ஆம் ஆண்டு நாக்கையும் யானையின் துதிக்கையையும் ஆக்டோபஸின் கையையும் ஒரே வரிசையில் வைத்து எழுதினார்கள். மூன்றிலும் எலும்பு இல்லை, மூன்றும் பெரும்பாலும் தசையால் ஆனவை. தசையில் பெரும்பகுதி நீர், நீரை அழுத்திச் சிறிதாக்க முடியாது. ஆகவே நாக்கின் கன அளவு மாறுவதே இல்லை. குறுக்குத் தசை சுருங்கி நாக்கு ஒடுங்கினால் அது நீண்டே ஆக வேண்டும். நீளத் தசை சுருங்கிக் குட்டையானால் தடித்தே ஆக வேண்டும். எலும்பு செய்யும் வேலையை இங்கே மாறாத கன அளவு செய்கிறது. இதனால்தான் நாக்கின் ஒரு பாதி செயலிழந்தால் மறுபாதி தன் வேலையைத் தனியாகச் செய்துவிட முடிவதில்லை. தான் தள்ளும்போது எதிரே தாங்கிக்கொள்ள வேண்டிய பாதி தொளதொளவென்று கிடக்கிறது.

ஒரு நுணுக்கம். வலப்பக்கம் செயலிழந்த அதே நாக்கு, நீட்டாமல் வாய்க்குள் சும்மா கிடக்கும்போது லேசாக இடப்பக்கம் ஒதுங்கியிருக்கலாம். ஏனென்றால் உள்ளே கிடக்கும்போது ஜீனியோகிளாசஸுக்கு வேலை இல்லை. நாக்கைப் பின்னால் மேலே இழுத்துவைக்கும் ஸ்டைலோகிளாசஸ் என்ற தசைக்குத்தான் வேலை, அது முகத் தசைகள் போலவே தன் பக்கம் இழுப்பது. உள்ளே இடம், வெளியே வலம். ஒரே நோயாளி, ஒரே நிமிடம்.

பார்ப்பவரை ஏமாற்றும் இன்னொரு நிலையும் உண்டு. முகவாதம் வந்தவர் நாக்கை நீட்டினால் அது சாய்ந்திருப்பது போலவே தோன்றும். உண்மையில் கோணியிருப்பது உதடு. கோணிய சட்டத்துக்குள் நேரான நாக்கு சாய்வாகத் தெரிகிறது. அனுபவசாலிகள் கோணிய உதட்டின் மூலையை விரலால் நேரே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூக்கு நுனியையோ கீழ்ப்பல் வரிசையின் நடுவையோ அளவாக வைத்துப் பார்ப்பார்கள். பிறகு கன்னத்தின் வெளியே விரலை அழுத்தி, "உள்ளேயிருந்து நாக்கால என் விரலைத் தள்ளுங்க" என்பார்கள். வலப்பக்க நரம்பு பழுதானவர் இடது கன்னத்தைத் தள்ளத் திணறுவார். வலது கன்னத்தை விறைப்பாகத் தள்ளிவிடுவார்.

பக்கத்துக்கு எட்டுத் தசைகளில் ஏழுக்கு ஒரே நரம்புதான் எஜமான். அண்ணத்திலிருந்து வரும் ஒரு தசை மட்டும் பத்தாம் நரம்பின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அந்த எஜமானின் பெயர் நாவடி நரம்பு. டாக்டர்கள் ஹைப்போகிளாசல் என்பார்கள். கபால நரம்புகள் 12 ஜோடி என்று நம் பள்ளிப் புத்தகம் சொல்கிறதே, அதில் கடைசி. எப்போதும் அது பன்னிரண்டாவதாக இருக்கவில்லை. 1664ஆம் ஆண்டு ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் மூளையின் உடற்கூறு பற்றிப் புத்தகம் போட்டபோது ஒன்பது ஜோடி என்றே எண்ணினார். இன்றைய பன்னிரண்டு வரிசை, ஜெர்மானியரான சாமுவேல் தாமஸ் சோமரிங் 1778ஆம் ஆண்டு வகுத்தது.

நாக்குக்கு வேறு நரம்புகளும் வருகின்றன. முன் மூன்றில் இரண்டு பங்கின் தொடுவுணர்வு ஐந்தாம் நரம்புக்கு, அதே பகுதியின் சுவை ஏழாம் நரம்புக்கு, பின்பகுதியின் உணர்வும் சுவையும் ஒன்பதாம் நரம்புக்கு. கடைசி கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய பிறகு நாக்கு மரத்துப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் அது ஐந்தாம் நரம்பின் கிளையில் நேர்ந்த காயமாக இருக்கும். அவர் நாக்கு நேராகவே நீளும். உணர்வு ஒருவர் வசம், சுவை ஒருவர் வசம், அசைவு இன்னொருவர் வசம் என்று இப்படி இலாகா பிரித்துக் கொடுத்திருப்பது மருத்துவருக்கு எவ்வளவு வசதி! எது போயிற்று என்று கேட்டாலே எந்த நரம்பு என்று தெரிந்துவிடுகிறது.

நாவடி நரம்பின் பயணத்தை முகுளத்திலிருந்து தொடங்கலாம். அங்கே நடுக்கோட்டை ஒட்டி, சுமார் 2 செ.மீ. நீளத்துக்கு நரம்புச் செல்களின் கொத்து ஒன்று இருக்கிறது. வலது கொத்து வலது பாதி நாக்குக்கு, இடது கொத்து இடது பாதிக்கு. அதிலிருந்து இழைகள் முன்னோக்கி ஓடி, பத்துப் பதினைந்து மெல்லிய வேர்களாக முகுளத்தை விட்டு வெளியே வந்து ஒன்றுசேர்கின்றன. மண்டையோட்டின் அடியில் இந்த நரம்புக்கென்றே ஒரு தனிக் குகை இருக்கிறது. ஒன்பது, பத்து, பதினொன்றாம் நரம்புகள் மூன்றும் பக்கத்து வாசல் வழியாக ஒன்றாக வெளியேறுகின்றன. நமது நரம்புக்குத் தனி வழி. வெளியே வந்ததும் நால்வரும் கரோட்டிட் தமனிக்கும் கழுத்தின் பெரிய சிரைக்கும் அருகே நெருங்கி நிற்கிறார்கள். பிறகு நாவடி நரம்பு மட்டும் தாடைக்கோணம் வரை இறங்கி, வெளிக் கரோட்டிட் தமனியைக் குறுக்கே கடந்து முன்னால் திரும்பி, தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் ஓரமாகப் போய் நாக்குக்குள் நுழைகிறது.

இந்தப் பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு விபத்தின் கதை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது மாட்ரிட் கதை. 1904ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அந்தோனியோ கார்சியா தாபியா, காளைச் சண்டை வீரர் ஒருவரைப் பார்த்தார். காளையின் கொம்பு தாடைக்கோணத்துக்குப் பின்னால் குத்தியிருந்தது. அந்த மனிதருக்கு நாக்கின் ஒரு பாதி செயலிழந்திருந்தது. அதே பக்கத்துக் குரல்நாணும் அசையவில்லை. ஆனால் அண்ணம் சரியாகவே மேலெழுந்தது. அண்ணத்துக்கும் குரல்நாணுக்கும் பத்தாம் நரம்பே கிளை அனுப்புகிறது. ஆனால் அண்ணத்துக்கான கிளை மண்டையோட்டை ஒட்டி மேலேயே பிரிந்துவிடும். ஆகவே அடி அதற்குக் கீழே, பத்தாம் நரம்பும் பன்னிரண்டாம் நரம்பும் அருகருகே வரும் இடத்தில் விழுந்திருக்க வேண்டும். கொம்பு எவ்வளவு ஆழத்தில் எந்த மட்டத்தில் நின்றது என்பதை, கழுத்தைத் திறந்து பார்க்காமல், நாக்கையும் குரலையும் அண்ணத்தையும் வைத்தே சொல்லிவிடலாம். இன்று தாபியா நோய்க்குறித்தொகுதி என்ற பெயரில் மருத்துவ இதழ்களில் வருபவர்கள் காளையிடம் குத்து வாங்கியவர்கள் அல்லர். மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, தலையை வெகுநேரம் பின்னால் சாய்த்துவைத்திருந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு, குரல் கம்மி நாக்குக் குழறி எழுந்தவர்கள். டியூப்பின் காற்றுப்பையும் வளைந்த கழுத்தும் சேர்ந்து அந்த இரண்டு நரம்பையும் நசுக்கிவிடுகின்றன. இவர்களில் பலர் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள்.

முதல் உலகப் போரில் குண்டடி பட்டவர்கள் மூலம் இன்னொரு பெயர் வந்தது. 1915ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் கோலே, ஒரு போர்வீரரிடம் கடைசி நான்கு கபால நரம்புகளும் ஒரே பக்கத்தில் செயலிழந்திருந்ததை விவரித்தார். நாக்கு, குரல், விழுங்கல், தோள் எல்லாம் ஒரு பக்கம் போய்விட்டன. பக்கத்துப் பக்கத்து வாசல்களில் வெளிவருபவை ஆதலால் ஒரே குண்டுக்கு நான்கும் போயின. அந்தக் காலத்தில் எந்த எந்த நரம்புகள் சேர்ந்து போகின்றன என்பதற்கு ஒவ்வொரு கூட்டணிக்கும் ஒருவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி.

போரோ காளையோ இல்லாமல் சாதாரணமாக இந்த நரம்பு ஏன் பழுதாகிறது? லாஸ் ஏஞ்சலீஸில் ஜேம்ஸ் கீன் என்ற நரம்பியலாளர் தான் பார்த்த நூறு பேரைத் தொகுத்து 1996ஆம் ஆண்டு வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அதாவது 49 பேருக்கு, காரணம் கட்டி. பெரும்பாலும் புற்றுநோய்க் கட்டி. இரண்டாம் இடம் 12 பேரோடு துப்பாக்கிக் குண்டுக்கு. இது அந்த ஊரின் கணக்கு, எல்லா ஊருக்கும் பொருந்தாது. பக்கவாதம் 6 பேருக்கு மட்டுமே. முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ குணமானவர்கள் 15 சதவீதம். இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவு. நாக்கின் ஒரு பாதி மட்டும், வேறு எந்தக் கோளாறும் இல்லாமல், மெல்ல மெல்லச் சூம்பிப்போகிறது என்றால் அதைச் சும்மா விடக்கூடாது. குறிப்பாக, பிடரியில் ஒரு பக்கம் விடாமல் வலியும், அதே பக்கம் நாக்குச் சாய்வும் சேர்ந்து வந்தால் மண்டையோட்டின் அடியில் அந்தக் குகையை ஒட்டிய எலும்பை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மார்பகத்திலோ புராஸ்டேட்டிலோ தொடங்கிய புற்றுநோய் அந்த எலும்புக்குப் பரவி, முதல் அறிகுறியாக நாக்கைச் சாய்த்துவிடுவது உண்டு.

கரோட்டிட் தமனியின் உட்சுவர் கிழிந்து சுவருக்குள் ரத்தம் புகுந்து உப்பிக்கொண்டாலும் பக்கத்தில் இருக்கும் இந்த நரம்பு நசுங்கும். அதே தமனியின் கொழுப்பு அடைப்பை நீக்கும் அறுவை சிகிச்சையிலும், வாய்ப் புற்றுநோய்க்காகக் கழுத்து நிணநீர்க் கணுக்களை அகற்றும்போதும் சர்ஜன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது இதைத்தான். தொண்டையின் மேற்பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்துக் குணமாகி, பல ஆண்டுகள் கழித்து நரம்பு இறுகிப்போய் நாக்கு சூம்புவதும் உண்டு. அப்போது நோய் திரும்பிவிட்டதா, சிகிச்சையின் பின்விளைவா என்று பிரித்தறிவது பெரிய தலைவலி.

இனி மறுபாதிப் பாதை. முகுளத்திலுள்ள கொத்துக்குக் கட்டளை அனுப்புவது பெருமூளை. ஜீனியோகிளாசஸைப் பொறுத்தவரை இந்தக் கட்டளை பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்தே வருகிறது. இடது மூளையில் பக்கவாதம் வந்தால் வலது கை கால் விழும், நாக்கும் வலப்பக்கம் சாயும். சாய்வது பலவீனத்தின் பக்கமே, விதி மாறவில்லை. பலவீனத்தை உண்டாக்கிய காயம் மட்டும் எதிர்ப்புறம் இருக்கிறது. இந்தச் சாய்வு பலருக்குச் சில நாளில், சில வாரத்தில் மறைந்துவிடும்.

பக்கவாதம் முகுளத்தின் உள்பக்கத்தைத் தாக்கினால் படம் மாறுகிறது. அது அரிது. அங்கே நாவடி நரம்பின் இழைகளும், கை கால்களுக்கு இறங்கும் கட்டளைப் பாதையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. கை கால் பாதை அதற்குக் கீழே போய்த்தான் எதிர்ப்பக்கம் தாண்டுகிறது. முகுளத்தின் இடப்பக்கம் ரத்த ஓட்டம் நின்றால் நாக்கு இடப்பக்கம் சாயும், கை கால் வலப்பக்கம் விழும். பிரெஞ்சு நரம்பியலாளர் தெஜெரினின் பெயரால் இதை அழைக்கிறார்கள். கட்டிலில் வலது கை கால் செயலிழந்து படுத்திருக்கும் இருவரிடம் நாக்கை நீட்டச் சொல்லுங்கள். ஒருவர் நாக்கு விழுந்த கையின் பக்கம் போனால் பழுது மேலே பெருமூளைப் பக்கம். மற்றவர் நாக்கு நல்ல கையின் பக்கம் போனால் முகுளத்தில். ஸ்கேன் கருவி இல்லாத காலத்தில் இதை வைத்தே இடம் குறித்தார்கள். பிரேதப் பரிசோதனையில் அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

சாய்வைத் தவிர இன்னொரு சாட்சி சதைப்பற்று. தசையை உயிரோடு வைத்திருப்பது அதைத் தொடும் கடைசி நரம்பு. மூளையில் பழுது என்றால் அந்தக் கடைசி நரம்பு பிழைத்திருக்கிறது. நாக்கு பலமிழந்தாலும் பருமன் குறையாது. நரம்பிலேயே அல்லது முகுளக் கொத்திலேயே பழுது என்றால் சில வாரங்களில் அந்தப் பாதி மெலிய ஆரம்பிக்கிறது. மேல்தோலுக்கு உள்ளே நிரப்ப ஒன்றும் இல்லாமல் அது மடிப்பு மடிப்பாகச் சுருங்குகிறது, நடுக்கோடு அந்தப் பக்கமாக வளைகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தசை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு வெளேரென்று தெரியும். அந்தப் பாதி இறுக்கம் இழந்து தொண்டைக்குள் தொங்கிக்கொண்டிருப்பதும் தெரியும்.

மெலிவோடு துடிப்பும் வரலாம். செத்துக்கொண்டிருக்கும் நரம்பு தானாகவே பொறி கிளப்ப, நாக்கின் மேற்பரப்பில் அங்கங்கே நெளிவுகள் ஓடும். இதைப் பார்க்க நாக்கை நீட்டச் சொல்லக்கூடாது. நீட்டிப் பிடித்தால் யார் நாக்கும் நடுங்கும், உங்களுடையதும் என்னுடையதும்தான். வாயைத் திறந்து, நாக்கைத் தளர விட்டு, கீழ்ப்பல் வரிசைக்குள் கிடக்கும்போது டார்ச் அடித்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இரண்டு பாதியும் சூம்பி, இரண்டும் துடித்தால் மருத்துவரின் முகம் இறுகிவிடும். அவர் அஞ்சுவது ஏ.எல்.எஸ். என்ற நோயை. அதில் இயக்க நரம்புச் செல்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் ஒவ்வொன்றாக மடிகின்றன. ஸ்டீபன் ஹாக்கிங்கை நாற்காலியில் உட்காரவைத்தது அதுதான். அதில் சிலருக்கு முதலில் போவது கையல்ல, காலல்ல, பேச்சு.

நாக்கு அசையாமல் போவதற்கு நரம்பும் தசையும் நன்றாக இருந்தும் ஒரு வழி உண்டு. மூளையின் இரண்டு பக்கமும் முகம், நாக்கு, தொண்டைக்கான மேற்பரப்புப் பகுதியில் சேதம் ஏற்பட்ட சிலரிடம் நாக்கை நீட்டச் சொன்னால் நீட்ட முடியாது. முயல்வார்கள், வியர்ப்பார்கள், முடியாது. அதே ஆள் கொட்டாவி விடும்போது வாய் அகலத் திறக்கும், உதட்டில் ஏதாவது ஒட்டியிருந்தால் நாக்கு வந்து நக்கிவிட்டுப் போகும். ஃப்வா, ஷவானி, மரி என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் 1926ஆம் ஆண்டு இதை எழுதினார்கள். நாமாக அசைப்பதும் தானாக அசைவதும் வேறு வேறு பாதைகளில் வருகின்றன என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற சாட்சி வேண்டியதில்லை. குடும்பத்தாருக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். "வேணும்னே பண்றார் டாக்டர், இப்பதான் நக்கினார்" என்பார்கள்.

ஒரு பக்க நரம்பு போனவரின் அன்றாடம் எப்படி இருக்கும்? எதிர்பார்ப்பதைவிட மோசமில்லை. முதல் சில நாள் சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார். செயலிழந்த பக்கத்துக் கொடுப்பில் சோறு ஒதுங்கி நிற்கும், விரலை விட்டு எடுக்க வேண்டியிருக்கும். மென்றதைக் கவளமாகத் திரட்டித் தொண்டைக்குத் தள்ளுவது நாக்கின் வேலை. அது சரியாக நடக்காததால் ரசம், மோர் போன்ற தண்ணீரான உணவு நழுவிப் புரையேறும். பிறகு நல்ல பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சாப்பிடப் பழகிவிடுவார். இரண்டு பக்கமும் போய்விட்டால் அது வேறு கதை. விழுங்க முடியாது, மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சையே அடைத்துவிடும்.

பேச்சைச் சோதிக்கச் சிகிச்சையாளர்கள் ப-ப-ப, த-த-த, க-க-க என்று வேகமாகச் சொல்லச் சொல்வார்கள். பகரம் உதட்டின் வேலை, முகத்தையும் அசைக்கும் ஏழாம் நரம்பின் கணக்கு. தகரத்துக்கு நாக்கு நுனி, ககரத்துக்கு அடிநாக்கு. பகரம் தெளிவாக வந்து மற்ற இரண்டும் மழுங்கினால் பழுது நாக்கில். தமிழ் பேசுபவருக்கு இதற்கு மேலும் சில சோதனைகள் உண்டு. ட, ண, ள, ழ ஆகியவற்றுக்கு நுனியை மேலே வளைத்துப் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கு என்ன செய்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகையில், லகர ளகரத்துக்கு நாக்கின் விளிம்பு தடிக்க வேண்டும் என்கிறது. கன அளவு மாறாத தசை வேறு எப்படி வடிவம் மாறும்? அதைப் பார்த்து எழுதியவர் கண்ணாடி முன்னால் நின்று பேசிப்பார்த்திருப்பாரோ என்று தோன்றும். ஒரு பாதி நாக்கு சூம்பியவரை "வாழைப்பழம்" சொல்லச் சொன்னால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பிசகாமல் வரும், நடுவில் இருக்கும் ழகரங்கள் கரைந்துவிடும்.

பேச்சுக்கு மட்டுமல்ல, மூச்சுக்கும் நாக்கு வேண்டும். விழிப்பில் நாம் உள்ளிழுக்கும் ஒவ்வொரு மூச்சோடும் ஜீனியோகிளாசஸ் சற்று விறைத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைத்துக்கொள்கிறது. தூக்கத்தில் அது தளர்கிறது. குறுகிய தொண்டை உள்ளவர்களுக்கு நாக்கு சரிந்து மூச்சு நின்று நின்று வரும் தூக்க மூச்சுத்தடை வருவதில் இதற்குப் பங்கு உண்டு. நாவடி நரம்பில் ஒரு மின்வளையத்தை மாட்டி, மூச்சோடு சேர்ந்து தூண்டி, நாக்கை முன்னே தள்ளவைக்கும் கருவி ஒன்றை 126 பேரிடம் சோதித்து 2014ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். இடைநிலை மதிப்பில் (median) மணிக்கு 29 முறை நிகழ்ந்த மூச்சுத்தடை ஓராண்டில் 9 முறையாகக் குறைந்திருந்தது. இதில் சூட்சுமம் மின்வளையத்தை எங்கே மாட்டுவது என்பதில்தான். நாக்கை முன்னே கொண்டுவரும் கிளைகளோடு பின்னே இழுக்கும் கிளைகளும் அதே நரம்பில்தான் இருக்கின்றன. பின்னிழுக்கும் கிளைகளை விலக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் வளையத்துக்குள் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு அருமையான நரம்பை வேண்டுமென்றே வெட்டியவர்களும் இருக்கிறார்கள். காதுக்குள் நடந்த அறுவையிலோ கட்டியிலோ முகநரம்பு போய்விட்டால் பாதி முகம் தொங்கிவிடும், கண் மூடாது. 1895ஆம் ஆண்டு லண்டனில் சார்லஸ் பாலன்ஸ், தோளுக்குப் போகும் பதினொன்றாம் நரம்பை முகநரம்போடு இணைத்துப் பார்த்தார். முகத்தை அசைக்கும்போதெல்லாம் தோளும் குலுங்கியது. 1901ஆம் ஆண்டு பெர்லினில் வெர்னர் கோர்டே நாவடி நரம்பை எடுத்து முகநரம்பில் ஒட்டினார். வெட்டிய நரம்பு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து முகத் தசைகளுக்குப் போய்ச் சேரச் சில மாதங்கள் ஆகும். அதன் பிறகு நோயாளி நாக்கை முன்பற்களில் அழுத்தினால் வாயோரம் மேலே போகும். மூளையில் நாக்குக்கென்று இருந்த இடம் இப்போது முகத்தை அசைக்கிறது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மாதக்கணக்கில் பழகிய சிலர், நாக்கை அழுத்துவதாக நினைக்காமலே சிரிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் சாப்பிடும்போதும் முகம் அசையும், சிரிக்க வேண்டிய இடம் அல்லாத இடத்தில் வாய் கோணும்.

விலை, பாதி நாக்கு. ஒரு பக்கம் சூம்பிப்போனால் சமாளித்துக்கொள்ளலாம் என்பது மேலே பார்த்ததுதான், அந்தக் கணக்கை நம்பித்தான் இந்த அறுவை நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. அதனால்தான் பத்தாம் நரம்பும் ஏற்கெனவே பழுதாகி, விழுங்கத் திணறும் நோயாளிக்கு இதைச் செய்யமாட்டார்கள். பாதித் தொண்டையோடு பாதி நாக்கும் போனால் அவரால் சாப்பிடவே முடியாது. இப்போது பல சர்ஜன்கள் நாவடி நரம்பை முழுக்க வெட்டாமல் பக்கவாட்டில் ஒரு பகுதியை மட்டும் கீறி, இடையே வேறு இடத்து நரம்புத் துண்டை வைத்து முகநரம்போடு இணைக்கிறார்கள். மெல்லும் தசைக்குப் போகும் ஐந்தாம் நரம்பின் கிளையைப் பயன்படுத்துபவர்களும் கூடிவருகிறார்கள். அவர்களுடைய நோயாளிகள் சிரிக்க வேண்டுமானால் பல்லைக் கடிக்கப் பழக வேண்டும்.